மூன்றாம் பாகத்தில் நான் செத்துப்போனேன்

எனக்கு எழுத்து தெரியாது.
மெழுகுவர்த்தி தெரியும்.
ஒரு நாவலுக்கு நாற்பத்தாறு,
மாட்டுக்கொழுப்பில் வார்த்த மலிவு ரகம்.
தேன்மெழுகாக இருந்திருந்தால்
பதினெட்டிலேயே கதையை முடித்திருப்பாள்
என் எசமானி டாமரிஸ் ஹட்டன்.

பெவர்லியில் தோல் பதனிடும் தெரு.
ஜன்னலைத் திறந்தால் ஊறும் தோலின் நாற்றம்,
மூடினால் அடுப்புப் புகை.
மூடி வைத்தே எழுதினாள்,
சமையலறை மேசையின் ஒரு மூலையில்.
மறு மூலையில் நான் ஹெர்ரிங் மீனுக்குச் செதில் சுரண்டுவேன்.
சில தாள்களில் செதில் ஒட்டியபடியே
லண்டனுக்குப் போயிருக்கிறது.

அங்கிருந்து கடிதம் வரும்:
இரண்டு பாகத்தில் முடிந்ததை மூன்றாக்கு,
வாடகை நூலகங்கள் மூன்றாகத்தான் எடுக்கும்.
சூப்பில் தண்ணீர் விடுவது நான் அறிந்த வித்தைதான்.
ஆனால் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்,
விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு
பானையைச் சுரண்டுகிறவளின் முகம்.

தொலைந்த உயில் ஒன்று கிடைக்கும்.
இத்தாலியிலிருந்து ஒரு சித்தப்பா வந்து சேர்வார்.
அப்படியும் நாற்பது பக்கம் குறைந்தால்
யாருக்காவது காய்ச்சல்.

அந்த வருடம் காய்ச்சல் எனக்கு.

கசாப்புக்கடை மிசஸ் ஸ்டாதர்தான் சொன்னாள்:
"டோர்க்கஸ், நீ புத்தகத்தில் வருகிறாய்.
பெயர் வேறு, மூக்கு உன்னுடையது.
ஹல் துறைமுகத்தில் உன் தங்கை கப்பலேறியபோது
கையாட்ட மறந்து நீ முறுக்கிக்கொண்டே நின்ற ரொட்டித் துணி,
அதுவும் வருகிறது.
என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார்.
கடைசியில் நீ செத்துப்போகிறாய், ரொம்ப அழகாக."

அந்தத் துணியைப் பற்றி
ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்,
மீன் சுரண்டிக்கொண்டே.

அன்றிரவு உப்பைக் கூட்டிப் போட்டேன்.
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.
மூன்று முறை தண்ணீர் கேட்டாள்.
பிறகு தட்டைப் பார்த்தபடி,
"நாற்பது பக்கம், டோர்க்கஸ்" என்றாள்.
நான் பாத்திரம் கழுவினேன்.

பணமா?
கட்டியவளின் கை சம்பாதித்தால்
கட்டியவனின் பைக்கு. சட்டம் அப்படி.
என்னைச் சாகடித்த கூலி
ஆம்ப்ரோஸ் ஹட்டனின் குதிரைக்குச் சேணமானது.
கெட்ட மனுஷர் இல்லை.
ஒவ்வொரு காசோலைக்கும்
அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுப்பார்.

ஒரு பத்திரிகை எழுதியதாம்,
இந்த அம்மையாருக்குச் சமையலறை தெரிந்த அளவு
ஆன்மா தெரியவில்லை என்று.
அவளே வாசித்துக் காட்டினாள்.
அது எந்த அறையில் இருக்கும் என்று கேட்டேன்.
மை கொட்டும் அளவுக்குச் சிரித்தாள்.

எட்டு நாவல். மூன்று பிள்ளை, ஒன்றும் தங்கவில்லை.
ஒவ்வொரு புத்தகம் வந்ததும்
மிசஸ் ஸ்டாதரிடம் போய்க் கேட்பேன்:
"தொட்டில் வருகிறதா?"
"இல்லையே, ஏன்?"
ஒன்றுமில்லை, ஈரல் அரை ராத்தல்.

பிறகு சட்டம் மாறியது. அவளுக்கு ஐம்பத்தொன்று.
லண்டனிலிருந்து ரசீது வந்தது, அவள் பெயருக்கே.
கையெழுத்து ஒன்று, சாட்சி ஒன்று வேண்டுமாம்.
பத்தாயிரம் பக்கம் ஓடிய பேனா
'டாமரிஸ்' வரை வந்து நின்றுவிட்டது.
காத்திருந்தேன். உலை கொதித்து வழிந்தது.
யாரும் எழுந்து போகவில்லை.
'ஹட்டன்' என்று முடித்தாள்.
பக்கத்தில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன்,
கோணலாக.

எழுதக் கற்றுத் தரட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்,
நம்மிருவரில் ஒருத்தியாவது
ராத்திரியில் தூங்க வேண்டாமா?

அந்தப் பணத்தில் வாங்கிய முதல் பொருள்
ஒரு பெட்டி தேன்மெழுகுவர்த்தி.
இரண்டைச் சேர்த்தே கொளுத்தினாள்.
புகையில்லை, நாற்றமில்லை,
வெளிச்சம் தாளில் பால்போல் நின்றது.
ஒரு வரிகூட வரவில்லை.

மூன்றாம் நாள் கேட்டாள்,
பழைய கொழுப்புத்திரி மிச்சம் இருக்கிறதா என்று.

எடுத்து வைத்திருந்தேன்.